பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்: சட்ட உதவிப் பணியில் செய்தியோடை

விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு கிடையாது என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த கெடுவை 1994 திருத்தம் எடுத்துவிட்டது. அதனால் கணவரை லாரிக்குப் பறிகொடுத்த பெண் ஒரு வருஷம் கழித்து வந்தாலும், "பரவாயில்லம்மா, இப்பவும் மனு போடலாம்" என்போம். 2019 திருத்தம் அதே 166ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. அந்த ஏப்ரலுக்கு அப்புறமும் சில மாதங்கள் நான் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தேன். எங்கள் சட்ட உதவி மையத்துக்கு வரும் வக்கீல் அம்மா ஒருவர் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுவிட்டு, "எந்த வருஷத்துச் சட்டத்தை வெச்சுக்கிட்டு சார் பேசறீங்க?" என்றார். அப்படி நான் சொல்லி அனுப்பிய இரண்டு குடும்பங்களைத் தேடிப் பிடித்தோம். இருவருக்கும் நாள் மிச்சமிருந்தது.

அதற்குப் பிறகுதான், தளங்களில் புதிதாக வருவதைத் தானாகப் போனுக்குக் கொண்டுவரும் செய்தியோடைகளை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். வட்ட சட்டப் பணிகள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சட்டத் தன்னார்வலர்கள், சட்டக் கல்லூரி உதவி மையங்களில் உட்காரும் மாணவர்கள், சட்ட உதவி வழக்குகளை நடத்தும் குழு வக்கீல்களின் ஜூனியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் அறிவு பெரிதாக வேண்டாம். வாட்ஸ்அப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோருக்குச் சட்டச் செய்தி வருவது குழுக்கள் வழியாகத்தான். அங்கே யாருக்கு எது பிடித்ததோ அது வரும். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, பார் அசோசியேஷன் தேர்தல் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு முக்கியமான உத்தரவு வந்து, நாம் பார்ப்பதற்குள் மேலே போய்விடும். தேதி இல்லாத ஃபார்வர்டுகள் இன்னும் மோசம். மூன்று வருஷம் பழைய செய்தி "இன்றைய முக்கியத் தீர்ப்பு" என்று சுற்றிக்கொண்டிருக்கும். ஓடையில் நாம் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து மட்டும், தேதியோடு, வரிசையாக வரும்.

ஓடை என்பது என்ன

பல இணையதளங்கள் தங்கள் பக்கங்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கும். புதிதாக ஏற்றியவற்றின் தலைப்பு, தேதி, சுட்டி, சில சமயம் இரண்டு வரிச் சுருக்கம், இவ்வளவுதான் அதில் இருக்கும். புதியது வரும்போதெல்லாம் கோப்பு தானாக மாறும். நம் போனில் இருக்கும் வாசிப்புச் செயலி அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்து வந்து காட்டும். முப்பது தளத்தை நாம் போய்ப் பார்ப்பதற்குப் பதில், முப்பதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். மின்னஞ்சல் முகவரி, போன் நம்பர் எதையும் அந்தத் தளத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ். என்ற முறைதான் இதற்கு அடிப்படை. நம் ஊரில் அந்த எழுத்துகளைச் சொன்னால் வேறு நினைப்பு வந்துவிடுகிறது, அதனால் நான் ஓடை என்றே சொல்வேன். தமிழில் வலைப்பதிவுகள் செழித்த காலத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இந்த ஓடைகளை வைத்துத்தான் உலகெங்கும் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பதிவர்களை ஒரு பக்கத்தில் சேர்த்தது. கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியதும் ஓடைகளே முடிந்துவிட்டன என்று பலர் நினைத்துவிட்டார்கள். மூடப்பட்டது ஒரு செயலி மட்டும்தான்.

முதல் வேலை: பதிவேட்டைத் திறப்பது

செயலியை இறக்குவதற்கு முன் மையத்தின் பதிவேட்டை எடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் வந்தவர்களின் பிரச்சினைகளை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, பட்டா மாறுதல், கூலி பாக்கி, விபத்து இழப்பீடு, ஜாமீன், பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர். மையத்துக்கு மையம் இந்த வரிசை மாறும். சிறைக்குப் போய்வரும் தன்னார்வலருக்கு ஜாமீன்தான் முதலில் நிற்கும். பனியன் கம்பெனிகள் இருக்கும் ஊரில் கூலியும் பி.எஃப். பணமும் நிற்கும். அதிகமாக வந்த நான்கை மட்டும் வட்டமிடுங்கள்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: யார் கை வைத்தால் இது மாறும்? இந்தக் கேள்வியில்தான் பாதி வேலை இருக்கிறது. ஜாமீன் சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றம், அதற்குப் பொருள் சொல்வது உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும். பட்டா நடைமுறையை மாற்றுவது மாநில வருவாய்த் துறையின் அரசாணையும் சுற்றறிக்கையும். இலவச சட்ட உதவிக்கான வருமான வரம்பை மாற்றுவது மாநில அரசு. கடன் வசூல் ஆட்கள் வீட்டு வாசலில் நின்று மிரட்டினால், அதைக் கட்டுப்படுத்தும் விதி ரிசர்வ் வங்கியிலிருந்து வருகிறது. மாற்றும் கை எதுவோ அங்கிருந்து வரும் ஓடைதான் நமக்கு வேண்டும். இதைச் செய்யாமல் "சட்டச் செய்தி" என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தவர்கள் பத்தாம் நாள் செயலியைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். கம்பெனிச் சட்டத் தீர்ப்பும் வரித் தீர்ப்பாய உத்தரவும் வந்து குவிந்தால் யாருக்குத்தான் சலிக்காது?

இதில் வருமான வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. புதியவர்கள் எல்லோரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஓடை தேவையில்லை, மேஜையில் ஒட்டிவைத்தால் போதும்.

செயலி

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஃபீடர் என்ற செயலி இருக்கிறது. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம், இலவசம். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பட்டியல் வேண்டும் என்றால் ஃபீட்லி அல்லது இனோரீடரில் கணக்குத் தொடங்குங்கள். இரண்டிலும் இலவசக் கணக்கே நமக்குத் தாராளம். அலுவலகக் கம்ப்யூட்டரில் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் போட்டிருந்தால் அதிலேயே ஓடைகளையும் சேர்க்கலாம். எதை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: பட்டியலை ஏற்றுமதி செய்யும் வசதி. ஓ.பி.எம்.எல். என்ற கோப்பாக அது வெளியே வரும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஓடையைச் சேர்ப்பது எளிது. தளத்தின் முகவரியைச் செயலியில் ஒட்டினாலே பெரும்பாலும் அது ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்கவில்லை என்றால் தளத்தின் அடிப்பகுதியில் ஆரஞ்சு நிறச் சின்னம் இருக்கிறதா பாருங்கள். ஒரு புள்ளியும் அதன் மேல் இரண்டு வளைவுகளும் இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் நடக்கும் தளம் என்றால் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சேனல் முகவரியை ஒட்டினால் புதிய வீடியோக்கள் மட்டும் வரிசையில் வரும், யூடியூப் தள்ளிவிடும் மற்றவை வராது.

எதை எதைச் சேர்ப்பது

மத்திய அரசின் சட்டங்களுக்குப் பத்திரிகை தகவல் அலுவலகம், அதாவது பி.ஐ.பி. அதன் தளத்தில் ஓடைக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. தமிழிலும் வெளியீடுகள் வருகின்றன. எல்லா அமைச்சகமும் கலந்து வரும், தினம் நூறு தலைப்பு ஓடும். நமக்கு வேண்டியவை சட்டம், தொழிலாளர், சமூக நீதி, பெண்கள் குழந்தைகள் நலம் ஆகிய அமைச்சகங்கள். மற்றவற்றைக் கண்ணால் தள்ளிக்கொண்டே போகப் பழகிவிடும். இது எவ்வளவு உதவும் என்பதற்குத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைச் சொல்லலாம். நான்கு தொகுப்புகளில் ஒன்று 2019இலும் மற்ற மூன்றும் 2020இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அதற்கு அப்புறம் வருஷக்கணக்கில் "புதிய தொழிலாளர் சட்டம் அடுத்த மாதம் முதல்" என்ற ஃபார்வர்டு வந்துகொண்டே இருந்தது. சம்பளம் குறையும், வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று என்னென்னவோ. உண்மையில் அவை அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. நாலைந்து வருஷம் புலி வருது கேட்டவர்கள் நிஜமாகவே வந்த அன்று அதையும் ஃபார்வர்டு என்று தள்ளியிருப்பார்கள். மூலத்தின் ஓடையைப் பார்ப்பவருக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன். 2008 முதல் இயங்கும் இந்தத் தளத்தில் தீர்ப்புகளைப் பணம் கட்டாமல் தேடிப் படிக்கலாம். நீதிமன்ற வாரியாக ஓடைகளும் உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை: சென்னை உயர் நீதிமன்றத்தின் மொத்த ஓடையையும் ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள். பெயர் மாற்றம், பாஸ்போர்ட், கோயில் திருவிழா அனுமதி என்று எல்லா மனுவின் உத்தரவும் வந்து விழும். நான் ஒரு வாரம் வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். உச்ச நீதிமன்றத்தின் ஓடை சமாளிக்கக்கூடியது. உயர் நீதிமன்றத்துக்கு, யாராவது வடிகட்டித் தரும் சட்டச் செய்தித் தளமோ நாளிதழின் சென்னை, மதுரைப் பக்கங்களோ மேல். தி இந்து நாளிதழ் பிரிவு வாரியாகவும் ஊர் வாரியாகவும் ஓடை தருகிறது. மதுரைக் கிளையின் எல்லைக்குள் வேலை செய்பவர்கள் அந்த ஊர்ப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கித் தளத்திலும் ஓடைகள் இருக்கின்றன: பத்திரிகைக் குறிப்புகளுக்கு ஒன்று, அறிவிக்கைகளுக்கு ஒன்று. கடன் செயலி, மைக்ரோ ஃபைனான்ஸ் புகார்கள் உங்கள் பதிவேட்டில் வந்தால் மட்டும் அறிவிக்கை ஓடையை எடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

சரி, ஓடையே இல்லாத தளங்களை என்ன செய்வது? அரசுத் தளங்களில் பல இப்படித்தான். அரசிதழ், அரசாணைப் பக்கம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைப் பக்கம் எல்லாம் பி.டி.எஃப். கோப்புகளாக ஏற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பக்கம் மாறினால் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அவை பக்கத்தில் ஓடும் தேதி மாறினாலும் மணி அடித்துத் தொல்லை பண்ணும். எனக்குச் சரிப்பட்டது பழைய முறைதான். இந்தப் பக்கங்களை மட்டும் பிரவுசரில் ஒரு கோப்புறையில் போட்டு, திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் திறந்து பார்த்துவிடுவேன். வழக்குகளைச் சமரசமாக முடித்துவைக்கும் தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) நடக்கும் தேதிகளைப் பெரும்பாலும் இப்படித்தான் பிடிக்கிறோம். வருஷத்துக்கு நான்கு முறை நடக்கும் அதற்கு, தேதி முன்கூட்டியே தெரிந்தால்தான் செக் வழக்குக்காரரையும் விபத்து வழக்குக்காரரையும் பேசித் தயார்படுத்த முடியும்.

தமிழில் தேடும்போது

கூகுள் அலெர்ட்ஸில் ஒரு சொல்லைக் கொடுத்தால், அது வரும் செய்திகளைத் திரட்டித் தரும். மின்னஞ்சலாக அனுப்பு என்பதற்குப் பதிலாக ஓடையாகக் கொடு என்று அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஓடை முகவரியைச் செயலியில் ஒட்டிவிடுங்கள். உள்ளூர்ச் செய்தியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பத்திரிகை ஜாமீன் என்று எழுதும், இன்னொன்று ஜாமின் என்று எழுதும், மூன்றாவது பிணை என்று எழுதும். உயர் நீதிமன்றம், ஐகோர்ட், ஐகோர்ட்டு மூன்றும் உண்டு. உச்ச நீதிமன்றம் சில இடங்களில் சுப்ரீம் கோர்ட்டு. ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு "ஒண்ணுமே வரலையே" என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா வடிவங்களையும் கொடுங்கள். இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். "விசாரணைக் கைதி", "விசாரணை கைதி" இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஒற்று போடுவதும் விடுவதும் அந்தந்தப் பத்திரிகையின் இஷ்டம்.

எக்காரணம் கொண்டும் நம்மிடம் வந்தவரின் பெயரையோ எதிர்த்தரப்பின் பெயரையோ அலெர்ட் சொல்லாகக் கொடுக்காதீர்கள். அது ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கோடு சேர்ந்து நிற்கும். வந்தவர் நம்மை நம்பிச் சொன்னது நம் பதிவேட்டைத் தாண்டக் கூடாது.

வழக்கின் அடுத்த வாய்தாவுக்கும் இந்த முறை வேண்டாம். அதற்கு இ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டுச் சேமித்து வைத்தால் வாய்தா, அன்றாட உத்தரவு எல்லாம் அதிலேயே தெரியும். ஓடை சட்டம் மாறுவதைப் பார்க்க, இ-கோர்ட்ஸ் வழக்கு நகர்வதைப் பார்க்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படிக்கும் நேரம்

காலை பத்தரைக்குக் கோர்ட் கூடும். அதற்கு முன்னால் இருபது நிமிடம், டீயோடு. அவ்வளவுதான் நான் ஒதுக்குவது. செயலியின் அறிவிப்பு மணியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அழுதுகொண்டே ஒரு பெண் பேசும்போது மேஜையில் போன் டிங் என்பது நன்றாக இருக்காது.

செயலியில் இரண்டே இரண்டு கோப்புறை வைத்திருக்கிறேன். ஒன்று "தினமும்": வட்டமிட்ட நான்கு பிரச்சினைகளுக்கான ஓடைகள். இன்னொன்று "சனிக்கிழமை": மற்றவை. தினமும் கோப்புறையில் தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்து, வேண்டியதற்கு நட்சத்திரம் போடுவேன். படிப்பது மதியம். நான்கு நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பும்போது எண்ணூறு தலைப்பு படிக்காமல் நிற்கும், பயமாக இருக்கும். "எல்லாம் படித்ததாகக் குறி" என்ற பொத்தானை அழுத்திவிடுங்கள். உண்மையிலேயே பெரிய விஷயம் என்றால் அந்த வாரத்துக்குள் இன்னொரு முறை வந்தே தீரும்.

தலைப்பை நம்பி யாரிடமும் எதையும் சொல்லாதீர்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஓடை தருவது தலைப்பு. "ஐகோர்ட் அதிரடி" என்று இருக்கும். நீதிபதி விசாரணையின்போது வாய்மொழியாகக் கேட்ட கேள்வியும் அதிரடிதான், இடைக்கால உத்தரவும் அதிரடிதான், இறுதித் தீர்ப்பும் அதிரடிதான். மூன்றுக்கும் நம் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2023 டிசம்பரில். நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் "புது சட்டம் வந்துடுச்சு" என்று சொன்னவர்கள் ஏராளம். மசோதா நிறைவேறிய நாள் வேறு, ஒப்புதல் கிடைத்த நாள் வேறு, அமலுக்கு வரும் நாள் வேறு. நமக்கு வேண்டியது மூன்றாவது.

அந்தச் சட்டத்தின் 479ஆம் பிரிவு விசாரணைக் கைதிகளுக்கு முக்கியமானது. முன்பு 436ஏ பிரிவின்படி அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவர் ஜாமீன் கேட்கலாம். புதிய பிரிவில், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஜூலை 1க்கு முன்பே பதிவான வழக்கில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

அன்று ஓடையில் இதைப் பார்த்த ஒரு தன்னார்வலர் என்ன செய்திருக்க வேண்டும்? "மூன்றில் ஒரு பங்கு முடித்தவர்களுக்கு விடுதலை" என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு சிறைக்கு ஓடியிருந்தால், ஆயுள் தண்டனைக்குரிய வழக்கில் இருப்பவரின் தாயிடமும் நம்பிக்கை கொடுத்துவிட்டு வந்திருப்பார். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. இதெல்லாம் தலைப்பில் இருக்காது, பிரிவைப் படித்தால்தான் தெரியும். அதே பிரிவில்தான், காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்பதும் இருக்கிறது. அது தெரிந்த தன்னார்வலர் சிறையில் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

ஆக, வரிசை இது. தலைப்பு கண்ணில் பட்டால் செய்தியைப் படியுங்கள். செய்தியிலிருந்து வழக்கு எண்ணையோ தேதியையோ எடுத்து, நீதிமன்றத் தளத்திலோ இந்தியன் கானூனிலோ உத்தரவைத் தேடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழாக்கமாகவும் கிடைக்கின்றன. ஆனால் மனுவில் எடுத்துக்காட்டுவதற்கு ஆங்கில மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். சட்டப் பிரிவு மாறியதாகச் செய்தி சொன்னால் பிரிவை முழுதாகப் படியுங்கள். அதற்குப் பிறகு குழு வக்கீலிடம் கேளுங்கள். தன்னார்வலரின் வேலை வழி காட்டுவது. இந்த வழக்கில் இது எடுபடுமா என்று சொல்வது வக்கீலின் வேலை.

முதலில் சொன்ன விபத்துக் கெடுவும் அங்கேயே முடியவில்லை. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. ஆகவே அந்தக் கெடுவைச் சொல்லும் "166(3)" என் தினமும் கோப்புறையில் ஒரு நிரந்தரத் தேடல் சொல். அது அடங்கும்வரை எடுக்கப் போவதில்லை. ஆனால் இன்று வருபவரிடம் சொல்வது ஒன்றுதான்: ஆறு மாதம் முடியும் முன்னால் மனுவைப் போட்டுவிடுங்கள்.

படித்ததை எங்கே வைப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாற்றம் ஒன்றுக்கு ஐந்து வரி: என்ன மாறியது, எந்தப் பிரிவு அல்லது அரசாணை, எந்தத் தேதியிலிருந்து, நம் பதிவேட்டில் யாருக்கெல்லாம் இது படும், யாரிடம் சொன்னேன். நான்காவது வரிதான் பலர் விட்டுவிடுவது. செய்தி படித்ததும் பதிவேட்டைப் புரட்டி, இதனால் பயனடையக்கூடிய மூன்று பேரின் வரிசை எண்ணைக் குறித்துவைத்தால், அந்த இருபது நிமிடம் வீண் போகவில்லை. அவர்களுக்குப் போன் செய்வது அன்றைக்கே.

மற்றவர்களுக்குச் சொல்வதென்றால் மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு செய்தி போடுங்கள். தேதி, இரண்டு வரித் தமிழ்ச் சுருக்கம், மூல உத்தரவின் சுட்டி. "இடைக்கால உத்தரவு" என்றால் அந்தச் சொல்லைக் கட்டாயம் எழுதுங்கள். பாலியல் குற்ற வழக்குச் செய்திகளைப் பகிரும்போது இரட்டைக் கவனம் வேண்டும். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் எழுதும் செய்திகள் உண்டு. நாளிதழில் வந்ததுதானே என்று அதை அப்படியே குழுவில் போடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டை மறுபடி எண்ணுங்கள். பட்டா குறைந்து கூலி பாக்கி கூடியிருந்தால் ஓடைகளையும் மாற்றுங்கள். ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம்கூட வாங்காத ஓடையை எடுத்துவிடுங்கள். நான் ஒரு கட்டத்தில் அறுபது வைத்திருந்தேன். இப்போது பதினான்கு.

அப்புறம் அந்த ஓ.பி.எம்.எல். கோப்பு. தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவருக்கு வேலை கிடைக்கும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போவார், மாணவருக்குப் படிப்பு முடியும். அவர் ஆறு மாதம் அலசிச் சேர்த்த பட்டியல் அவர் போனோடு போய்விடும். கிளம்பும் முன் செயலியின் அமைப்புக்குப் போய் ஏற்றுமதி என்பதை அழுத்தினால் எல்லா ஓடைகளும் ஒரே கோப்பாக வரும். அடுத்தவர் அதைத் தன் செயலியில் இறக்குமதி செய்தால் பத்து நொடியில் பட்டியல் முழுதும் அவரிடம். கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு, மையத்தின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்து, ஐந்து வரி நோட்டையும் சேர்த்து ஒப்படையுங்கள். நோட்டின் அட்டையில் உங்கள் பாஸ்வேர்டை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.